கறுப்புச் சோடியில் விழுந்த பொட்டு

ஜனவரி 3, வெள்ளி

இந்தக் கொப்பியில் எழுதப்படவிருக்கும் கதையை எவரும் நம்பப்போவதில்லை என்பதைச் சகலருக்கும் பணிவன்புடன் அறியத்தருகிறேன். எழுதிய நானே திருப்பிப் படித்தாலும் நம்பமாட்டேன். கொப்பியை வாங்கித் தந்தவள் என் அக்கா மங்கையற்கரசி. "வாயாலை அளக்கிறதை இனி இதுக்குள்ளை அள, எங்கட காதாவது மிஞ்சும்" என்று வருடப் பிறப்பன்று மேசையில் போட்டாள். அக்காவின் அன்பு எப்போதும் எறிபட்டுத்தான் வரும்.

முதலில் எழுதுகிறவர் யார் என்று சொல்வது மரபு. குகதாசன், வயது ஐம்பத்தாறு, அல்ப்ஸ் மலைத்தொடரின் முடிசூடா மன்னன். ஸ்விஸுக்கு வந்து முதல் பத்து வருடம் மலை ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அடுத்த இருபத்தாறு வருடம், பனியில் சறுக்கக் காலில் பூட்டும் ஸ்கீப் பலகை தீட்டுகிறேன். இதுவரை நான் தீட்டியவற்றை நுனிக்கு நுனி அடுக்கினால் பருத்தித்துறைவரை போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பலாம். வலதுகை மோதிரவிரலின் நுனி பாதி இல்லை, ஒரு பக்கம் கத்தியால் சீவியதுபோல் தட்டை. 1994இல் ஒரு பனிச்சரிவு கடித்தது. ஹோட்டலில் இறைச்சி சீவும் மெஷின் கடித்தது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அவள் அன்று அங்கே இருக்கவில்லை.

அக்காவின் ஒரே மகள் சாம்பவி, வயது இருபத்திநான்கு. ஜயண்ட் ஸ்லாலம் ஓடுகிறவள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடிபோல் இறுகிய பனிமலையில் கம்பங்களை நட்டு, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து கார் வேகத்தில் இறங்குவது. இரண்டு தரம் இறங்கவேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு ஸ்கீயின் இரும்பு ஓரங்களைத் தீட்டி, அடியில் மெழுகு பூசி, போட்டிக்குத் தோளில் சுமந்து போகும் ஆள் நான்.

டிசம்பர் கடைசியில் பயிற்சியில் விழுந்து வலது முழங்காலை முறுக்கிக்கொண்டாள். இன்று ஸ்கேன் முடிவுக்கு என்னைத்தான் கூட்டிப்போனாள். உள்ளே சவ்வு வெடித்திருக்கிறது. டாக்டர் அம்மா இரண்டு விரலை ஒட்டியும் பிரித்தும் காட்டினார். இப்போது தைத்தால் ஒட்டும். இன்னொரு தரம் முறுக்கினால் தைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். முப்பது வயதில் எழுபது வயது முழங்கால். உடனே தைத்துக்கொள் என்றார்.

"இருபத்தாறாம் தேதி ஓட்டத்துக்குப் பிறகு" என்றாள் சாம்பவி.

அந்த ஓட்டத்தில் முதல் ஐந்துக்குள் வந்தால் தேசிய அணிப் பட்டியலில் இருப்பாள். வராவிட்டால் இல்லை. போன வருடமே விளிம்பில் தொங்கினாள்.

கார் தரிப்பிடத்தில் என் ஜாக்கெட்டைப் பிடித்தாள். "அம்மாவுக்கு இதிலை ஒரு சொல்லுப் போகக்கூடாது. போச்செண்டால், மாமா, எனக்கு நீங்கள் செத்த ஆள்."

வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் சத்தியம் இமயமலையைவிடக் கனமானது.


ஜனவரி 4, சனி

கட்டடத்துக்கே பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை இன்று எங்கள் முறை. கீழ்வீட்டுக் கிழவி சாவியோடு போய்விட்டாள். அவளுடைய அட்டவணையில் கோடு போட்டு அழித்துவிட்டு வந்தேன். போர் தொடங்கிவிட்டது.


ஜனவரி 7, செவ்வாய்

கம்பனியிலிருந்து புது ஸ்கீச் சோடி வந்தது. நுனி முதல் வால்வரை கறுப்பு. பெட்டியைத் திறந்ததும் அறையில் இரண்டு பாகை குளிர் இறங்கியது. கையால் வளைத்துப் பார்த்தேன், அது என்னை வளைத்துப் பார்த்தது. அப்படி ஒரு விறைப்பு. பனியைக் கடித்தால் முதலை மாதிரி விடாது. வளைவின் முடிவில் வாலை உதறி விடுவித்துக்கொள்ள நல்ல முழங்கால் இரண்டு வேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்று.

சுவரோடு மஞ்சள் சோடி நிற்கிறது. இரண்டு பருவம் ஓடிக் களைத்தது. கொஞ்சம் மெது. ஆனால் வளைவு முடிந்ததும், "சரி பிள்ளை, நீ போ" என்று விட்டுவிடும்.

சாம்பவி கறுப்பனைத் தடவிக்கொண்டு நின்றாள். பெற்ற தாயை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.


ஜனவரி 10, வெள்ளி

பயிற்றுநர் றெற்றோ இன்று என்னோடு பேசினார். பேசினார் என்பது மரியாதைக்கு. அவர் ஜேர்மனில் குரைத்ததை என் தமிழில் தருகிறேன்.

"இந்த ஓரம் ஆர் தீட்டினது?"

"நான்தான்."

"பாண் வெட்டுற கத்தியாலையோ?"

"உங்கட மீசை வழிக்கிற கத்தியாலை, ஐயா. அதாலைதான் கொஞ்சம் மொட்டை."

ஓரத்தின் கோணம் எண்பத்தேழு பாகையில் வைத்திருந்தேன். அது எல்லோரும் வைப்பது. எண்பத்தாறுக்கு இறக்கு என்கிறார். இறக்க இறக்கக் கூர். இன்னும் ஆழமாகக் கடிக்கும், இன்னும் விடாது. முழங்கால் விஷயம் அவருக்கும் தெரியும். "முடிவு அவளுடையது, கையெழுத்து அவளுடையது" என்று தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் பக்கத்து மலையில் பனி சரிந்து மூன்று மாட்டுக்கொட்டில் மூடுண்டதாகக் கேள்வி.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். புதிய ஸ்கீயைக் கோயிலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். கார் வாங்கினால் பூசை செய்கிறோம், தையல் மெஷினுக்குச் செய்கிறோம், மகள் உயிரைக் கொடுத்து ஏறுகிற சாமானுக்குச் செய்யாவிட்டால் எப்படி?

"அது வாகனம் இல்லை, அம்மா."

"ஏறிப் போறாய்தானே?"

ஐயர் அனுபவசாலி. ஸ்கீயை ஏற இறங்கப் பார்த்தார். "எதிலை முன்பக்கம்?" என்று கேட்டு, வளைந்த நுனியின் மேற்பக்கத்தில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அக்கா இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பனியில் வைத்து, "ஏறி நசி" என்றாள். சாம்பவி நசித்தாள். நசித்தது இடது காலால்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தாய்க்குச் சட்டம் போட்டாள். "மேலை வைச்சது சரி. அடிப்பக்கம் மட்டும் கைபடக்கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் ஓடாது. விளங்குதோ?"

"எனக்கென்ன விசரோ?" என்றாள் அக்கா.

சந்தனக் கட்டி மீதி கிடந்தது. வீணாகக்கூடாதே என்று எடுத்துவைத்தேன்.


ஜனவரி 17, வெள்ளி

"எடேய் குகன், பிள்ளை ஏன் படியிலை பின்பக்கமா இறங்குறாள்?"

மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள் அக்கா. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது புதுப் பயிற்சி அக்கா. நோர்வேக்காரர் கண்டுபிடிச்சது."

"நோர்வேயிலை படிக்கட்டு நேராய் இல்லையோ?"

அந்த மீனை அவள் வெட்டிய வெட்டு எனக்கு என்று தோன்றியது. மறுபடி கேட்கவில்லை. கேட்காத அக்கா கேட்கிற அக்காவைவிட ஆபத்தானவள்.


ஜனவரி 20, திங்கள்

கிழவி அட்டவணைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டாள்.


ஜனவரி 23, வியாழன்

இன்று நான் ஸ்கீ தீட்டும் நிலவறையில் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் மூன்றாம் உலகப் போர் என்று குறிப்பிடுவார்கள்.

"ஞாயிறு எந்தச் சோடி?" என்று கேட்டேன்.

"கறுப்பு. எண்பத்தாறு."

"மஞ்சளிலை ஓடு பிள்ளை. அதுக்கு உன்ர காலைத் தெரியும்."

"மஞ்சள் கிழண்டிப்போச்சு. உங்களை மாதிரி."

"கிழண்டினது வளைஞ்சு குடுக்கும். கறுப்பன் வளைவு முடியிற இடத்திலை விடான். அவன் விடாட்டி உன்ர முழங்கால்தான் விடோணும்."

"மாமா, உங்கட வேலை தீட்டுறது. யோசிக்கிறது இல்லை."

நான் என் இருபத்தாறு வருட அனுபவத்தைப் பற்றி ஒரு சிற்றுரை தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"ஒரு நாளாவது ஒரு கம்பத்தைச் சுத்தி ஓடியிருக்கிறியளா? வாழ்க்கையிலை ஒரே ஒருக்கா ஸ்கீயிலை நிண்டனீங்கள். ஹோட்டல் குப்பைத்தொட்டிக்குள்ளை தலைகீழாப் போனனீங்கள். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவ."

அது ஒரு ஒலிம்பிக் இறக்கம் என்றும், குப்பைத்தொட்டி தகாத இடத்தில் நின்றது என்றும் விளக்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, வலது காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வருசம் பதினெட்டு வயசுப் பெட்டையள் நாலு பேர் மேலை வருகினம். இந்த ஞாயிறு இல்லாட்டி எனக்கு ஞாயிறே இல்லை. நாலு வயசிலையிருந்து இது ஒண்டைத்தான் செய்யிறன். கால் போனால் போகட்டும். என்ர கால்."

"உன்ர கால்தான். ஆனா நடக்கிறது..."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு தீட்டுங்கோ. ஏலாட்டிச் சொல்லுங்கோ, வேறை ஆளைப் பிடிக்கிறன். உங்களை என்ன அன்பிலையா வைச்சிருக்கிறன்? கை நல்லம் எண்டுதான் வைச்சிருக்கிறன்."

வாயைப் பொத்திக்கொண்டு தீட்டினேன். எண்பத்தாறு. கறுப்பனின் ஓரத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, இரண்டு ஈயாகப் பறந்து போனது. இது நடந்தது. நான் பார்த்தேன்.


ஜனவரி 25, சனி

போட்டி நடக்கும் வால்செர்னாவுக்கு வந்து சேர்ந்தோம். மூன்று மணி நேர ரயில், இரண்டு பஸ். காரில் சாம்பவி றெற்றோவோடு. பஸ்ஸில் நான், அக்கா, நாலு ஸ்கீ, இஸ்திரிப்பெட்டி, மெழுகு, ஒரு வாளி இட்லி. அக்கா போட்டி பார்க்க வருவது இதுதான் முதல் தடவை. மகள் வரவேண்டாம் என்றாள். அக்கா உடுப்பு அடுக்கினாள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

விடுதியின் கீழ்த்தளத்தில் ஸ்கீ அறை. மத்தியானம் முழுக்க இரண்டு சோடிக்கும் மெழுகு உருக்கி, சுரண்டி, தூரிகை போட்டேன். காலையில் பூச்சியத்துக்குக் கீழ் பதினொன்று என்று அறிவிப்பு. மஞ்சளுக்கு அந்தக் குளிருக்குரிய மெழுகையே பூசினேன். அதோடு மஞ்சளின் வால்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஓரத்தைச் சற்று மழுக்கிவிட்டேன். சும்மா. கை சும்மா இருக்காது.

பின்னேரம் அக்கா திருநீற்றுப் பையோடு அறைக்கு வந்தாள். இரண்டு சோடியின் நுனிக்கும் தொட்டு வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு ஏலுமோடா?"

"சிங்கம் அக்கா."

"நான் சிங்கத்தைக் கேக்கேல்லை. பிள்ளையைக் கேட்டனான்."

நான் மெழுகுத் தூளைக் கூட்டத் தொடங்கினேன். இமயமலையைவிடக் கனமான சத்தியம் என்று முன்னரே எழுதியிருக்கிறேன்.


ஜனவரி 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு முதல் கேபிள் கார் வந்தது. அதிலிருந்து அம்மன் இறங்கினாள். சிவப்புக் கூறைச்சேலை, மேலே குளிர் ஜாக்கெட். டிக்கெட் பரிசோதகர் மறித்தார். அம்மன் பாதிவிலை அட்டையை எடுத்துக் காட்டினாள். காலாவதியாகவில்லை. நேரே ஸ்கீ அறைக்கு வந்தாள். "குகதாசா, சந்தனக் கட்டி எங்கே?" என்றாள். ஜாக்கெட் பையிலிருந்து கொடுத்தேன். "நல்லெண்ணெய்?" கொடுத்தேன். குழைத்தாள். கறுப்பனைப் புரட்டச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்து, என் விரலால், அடிப்பக்கத்தில் கால் மிதிக்கும் இடத்துக்கு நேர்கீழே இரண்டு ஸ்கீக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள். சந்தனம், நடுவே குங்குமம். எண்ணெய் மிச்சத்தை நுனிமுதல் வால்வரை தடவினாள். வந்த வழியே போய்விட்டாள். போகும்போது வானத்தில் ஏழு வானவில். பூச்சியத்துக்குக் கீழ் பதினொன்றில்.

ஒன்பது மணிக்கு உறையைத் திறந்து சாம்பவிதான் முதலில் பார்த்தாள். ஓட்டம் ஒன்பதே முக்காலுக்கு.

போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள். பிறகு படியில் மேலே பார்த்து, "அம்மா!" என்றாள்.

அக்கா ஃப்ளாஸ்க்கோடு இறங்கி வந்தாள். பின்னால் றெற்றோ.

"இது என்ன?"

அக்கா குனிந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டைக் கிட்டப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நான் கையுறை போட்டுக்கொண்டேன், குளிர்.

"சொல்லுங்கோவன்! இது ஆற்றை வேலை?"

"நான்தான்" என்றாள் அக்கா. "நான்தான் வைச்சனான்."

"சொன்னனான்தானே! பொங்கலண்டு சொன்னனான்தானே அடியிலை கைவைக்காதேங்கோ எண்டு!"

"மறந்துபோனன் பிள்ளை."

"மறந்துபோனியளோ? உங்கட சாமியும் உங்கட சந்தனமும்! இருபது வருசம் நான் ஓடினது உங்களுக்கு விளையாட்டு. ஒரு போட்டிக்கு வந்தனீங்கள். ஒண்டுக்கு! அதை நாசமாக்கிப்போட்டியள்!"

றெற்றோ கறுப்பனில் விரலை வைத்து முகர்ந்தார். "எவ்வளவு நேரத்தில் துடைப்பாய்?" என்று என்னைக் கேட்டார். எண்ணெய் ஊறிவிட்டது, கழுவித் திரும்ப மெழுகு பூச ஒன்றரை மணித்தியாலம் வேண்டும் என்றேன். தடைசெய்த மெழுகு இருக்கிறதா என்று தொடக்கத்தில் கருவி வைத்துப் பார்ப்பார்கள், நல்லெண்ணெயைக் கண்டு அந்தக் கருவி என்ன சொல்லுமோ தெரியாது, அவளைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டால் அதோடு சரி என்றும் சொன்னேன்.

அவர் மஞ்சளைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "இது மட்டும் இன்றைய குளிருக்கென்றே தயாராக இருக்கிறதே?"

"நான் முன்யோசனைக்காரன்" என்றேன். அவர் கண் என்மேல் ஒரு நிமிடம் நின்றது. பிறகு தோளைக் குலுக்கினார். இந்தத் தடவை எந்த மலையும் சரியவில்லை.

சாம்பவி மஞ்சளைத் தூக்கித் தோளில் வைத்தாள். போகும்போது வெளிவாசலில் அக்காவின் ஃப்ளாஸ்க்கை முழங்கையால் தள்ளிவிட்டாள். கோப்பி பனியில் கொட்டி ஆவி போனது.

முதல் ஓட்டத்தில் நான்காவது. இரண்டாம் ஓட்டத்தில் நடுவே ஒரு செங்குத்து. அங்கே பனி நீலமாக இருந்தது. மூன்றாவது வளைவில் வலது கால் உள்ளே மடங்கியது. அடிவாரத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது. மஞ்சள் அந்த இடத்தில் வாலை வழுக்கி விட்டது. அவள் விழவில்லை. ஒரு கை அகலம் வழுக்கினாள், பிடித்தாள், வந்தாள்.

ஆறாவது. ஐந்தாவதுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு வினாடியின் நூறில் பதினொரு பங்கு. ஒரு கண் இமைப்பில் மூன்றில் ஒரு பங்கு.

பலகையில் எழுத்து மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேலியோடு நின்ற அக்காவிடம் வந்தாள். இருபது வருடம் பிடித்துவைத்த மூச்சு எல்லாம் சேர்ந்து வந்தது.

"இனி என்ர போட்டிக்கு வராதேங்கோ. எனக்குப் போட்டியும் இல்லை. வீட்டுக்கும் நான் வரேல்லை."

அக்கா தலையை ஆட்டினாள். சம்மதம் சொல்வதுபோல.


ஜனவரி 27, திங்கள்

உடுப்புத் தோய்க்கும் அறை எங்கள் முறை. போகவில்லை.


ஜனவரி 30, வியாழன்

சாம்பவி கூர் நகரத்தில் ஒரு சிநேகிதி வீட்டில். அக்கா மூன்று அடுக்குக் கரியரில் சோறும் சொதியும் முட்டைப் பொரியலும் கட்டித் தந்தாள். கொண்டுபோனேன். சாம்பவி கதவிலேயே திருப்பித் தந்தாள். மூடிகூடத் திறக்கவில்லை. அவள் கையில் போனைக் கண்டேன், திரையில் அந்தப் பொட்டுப் படம்.

"ஏன் இதை இன்னும் வைச்சிருக்கிறாய்?"

"மன்னிக்க மனம் வந்தால் பாக்கிறதுக்கு."

திரும்பி வந்து கரியரை மேசையில் வைத்தேன். அக்கா எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே பேசினாள்.

"நீ வாயைத் திறக்காதை."

எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

"அவளுக்கு இப்ப ஒராளைக் கோவிக்கோணும். என்னைக் கோவிச்சால் ஒரு நாள் திரும்பி வருவாள், நான் தாய். உன்னைக் கோவிச்சால், பிறகு அவளுக்கு ஆர் தீட்டுறது?"

"அக்கா, அவள்..."

"படியைப் பாத்தவள் நான். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. மகளும் சொல்லேல்லை, தம்பியும் சொல்லேல்லை. சொல்லாமலே இருங்கோ. ரெண்டு பேரும் நல்லாயிருங்கோ."

கரியரை அவள் கவிழ்த்து வைத்த சத்தத்தில் கீழ்வீட்டுக் கிழவி கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையைத் தட்டினாள். முதல் தடவையாகக் கிழவி சொன்னது நியாயம் என்று பட்டது.


பெப்ரவரி 4, செவ்வாய்

இன்று தைத்தார்கள். மூன்று தையல். சவ்வு வெடிப்பு ஸ்கேனில் இருந்ததைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கிறது, ஆனாலும் தைக்கும்படி இருந்தது என்றார் டாக்டர் அம்மா. ஒன்பது மாதம். பிறகு ஓடலாமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு கேள்வி கேட்டேன். "வேறை ஸ்கீயிலை ஓடியிருந்தால், டாக்டர்? இதைவிட விறைப்பானதிலை?"

"எனக்கு முழங்கால் தெரியும். ஸ்கீ தெரியாது" என்றார்.

இந்த மலைநாட்டிலேயே நேர்மையான மனிதர். கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

தாயை உள்ளே விடவேண்டாம் என்று சாம்பவி தாதிமாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அக்கா வாசலில் கேட்டாள், அவர்கள் மரியாதையாக மறுத்தார்கள். அவள் எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றாள். கையில் ரசம் ஃப்ளாஸ்க். இரண்டாம் மாடிக் கட்டிலிலிருந்து அந்தத் தரிப்பிடம் நேரே தெரிகிறது. ஒரு பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. இன்னொன்று.

"மாமா."

"என்ன குஞ்சு?"

"திரைச்சீலையை இழுத்துவிடுங்கோ."

இழுத்துவிட்டேன். கை நல்லம் என்றுதான் என்னை வைத்திருக்கிறாள். கை சொன்ன வேலையைச் செய்தது.


பெப்ரவரி 5, புதன்

சாம்பவி, இந்தப் பக்கத்தை உனக்கு எழுதுகிறேன். கொப்பியை உன் கட்டிலோரம் வைத்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போகிறேன். அந்தத் தேத்தண்ணிக் கடை வெகுதூரத்தில் இருக்கிறது. நீ கூப்பிட்டால்தான் திரும்பி வருவேன். கூப்பிடாவிட்டாலும் அது உன் நியாயம். ஆஸ்பத்திரியால் வந்தபின் வேறு ஆளைப் பிடி. ஊருக்குள் இரண்டு நல்ல கைகள் உண்டு, கடைசிப் பக்கத்தில் பேர் எழுதியிருக்கிறேன். மஞ்சளையும் கறுப்பையும் நிலவறையில் சுத்தமாக்கி வைத்திருக்கிறேன். கறுப்பனில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

முதல் பக்கத்திலேயே அறிவித்தபடி, இதில் எழுதியதை நீ நம்பவேண்டாம். பனிச்சரிவு என் விரலைக் கடிக்கவில்லை, இறைச்சி மெஷின்தான், கொம்மா சொன்னது சரி. ஈ இரண்டாகப் பறக்கவில்லை. றெற்றோ தோளைக் குலுக்கி மாட்டுக்கொட்டில் ஒன்றும் மூடுண்டுபோகவில்லை. நான் ஸ்கீயில் ஒரே ஒரு தரம்தான் நின்றேன், குப்பைத்தொட்டி சரியான இடத்தில்தான் நின்றது. அம்மன் வரவில்லை. கேபிள் காரில் அன்று காலை ஒரு ரொட்டிக்காரன் மட்டும் வந்தான். வானவில் ஒன்றுகூட இல்லை, இருட்டாக இருந்தது. என் சத்தியம் இமயமலையைவிடக் கனம் என்று எழுதியதும் பொய். வாயால் காத்துக்கொண்டு வேறு வழியால் உடைத்தேன்.

அணிப் பட்டியலில் உன் இடத்தை நான் பறித்துவிட்டேன். கால் உன்னுடையது என்று நீ சொன்னாய், அது உண்மை. மூன்றாவது வளைவில் உன் கால் மடங்கியபோதும் அது உண்மையாகவே இருந்தது.

ஒன்று செய். மன்னிக்க மனம் வந்தால் பார்ப்பதற்கென்று நீ வைத்திருக்கும் அந்தப் படத்தை எடு. விரலை வைத்துப் பெரிதாக்கு. கொம்மா இருபத்திநான்கு வருடம் உன் நெற்றியில் வைத்த பொட்டு எல்லாம் முழு வட்டம். இது அப்படியில்லை, ஒரு பக்கம் சீவியிருக்கிறது. அவள் அதை அன்று காலையிலேயே பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுத்தான் "நான்தான்" என்றாள். இப்போது எட்டாம் நம்பர் பஸ்ஸையும் விட்டுவிட்டுத் தரிப்பிடத்தில் நிற்கிறாள். திரைச்சீலையின் கயிறு உன் இடதுகைப் பக்கம்.

ஜனவரி 26ஆம் தேதிப் பக்கத்தில், இத்தனை அளப்புக்கும் நடுவே, இரண்டு சொல்லின் கீழே கோடு போட்டிருக்கிறேன். "என் விரலால்" என்பது அது. அந்தச் சின்னப் பகுதி மட்டும் உண்மை.